படகுக்காரர் பெயர்

போன மாதம் என் மகள் வாட்ஸ்அப்பில் சில படங்கள் அனுப்பியிருந்தாள். கணவரோடு கிரேக்க நாட்டுக்குச் சுற்றுலா போயிருக்கிறாள். காலையில் படகில் ஏற்றிக்கொண்டு மாலை வரை தீவு தீவாகச் சுற்றிக் காட்டுகிறார்களாம். நடுநடுவே படகை நிறுத்துவார்களாம். வேண்டியவர்கள் கடலில் குதித்து நீந்தலாமாம். ஒரு படத்தில் அவள் நீலத் தண்ணீரில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். கீழே ஒரு வரி: "அப்பா, பிச்சாவரம் தாத்தா சொல்லிக்கொடுத்தது இன்னும் மறக்கலை. அவர் பேர் என்னப்பா?"

பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

1998 மே மாதம். அப்போது கடலூரில் வங்கி வேலை. பிள்ளைகளுக்கு விடுமுறை. திருப்பாதிரிப்புலியூரில் காலை ரயில் பிடித்தோம். அன்றைக்கு நம் தடத்தில் மீட்டர் கேஜ்தான். சிதம்பரத்தில் இறங்கி இட்லியும் கொத்சும் சாப்பிட்டுவிட்டு, கிள்ளை வழியாகப் போகும் பஸ்ஸில் பிச்சாவரம் போய்ச் சேர்ந்தோம். 'இதயக்கனி' வந்த நாளிலிருந்து அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று என் மனைவிக்கு ஆசை.

ஒரு மணி நேரச் சவாரி பிள்ளைகளுக்குப் போதவில்லை. கரையில் நின்ற ஒரு பெரியவர், "நாள் பூரா சுத்திக் காட்டுறேன், வாங்க சார். எங்க திட்டு வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றார். இருநூறு ரூபாய்க்குப் பேசி ஏறினோம். அவருடைய ஊர் எம்.ஜி.ஆர். திட்டு. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பரந்து கிடக்கும் காட்டைத் தாண்டி, கடலோர மணலில் இருந்த மீனவர் குடியிருப்பு.

கால்வாய்களுக்குள் போகப்போக வெயிலே தெரியவில்லை. சுரபுன்னையின் வேர்கள் இரண்டு பக்கமும் வளைந்து இறங்கியிருந்தன. அதன் விதை மரத்திலேயே முளைத்து, ஈட்டி போல நீண்டு, பிறகுதான் சேற்றில் விழும் என்று காட்டினார். தில்லை மரத்தையும் காட்டி, "பால் கண்ணுல பட்டா கண்ணு போயிடும், தொடாதீங்க" என்றார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரத்தை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். ஓரிடத்தில் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, பறியை வாயில் கவ்வியபடி, கையாலேயே இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆழமில்லாத இடமாகப் பார்த்துப் படகை நிறுத்துவார். பையன் குதித்துவிடுவான். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. தண்ணீர் என்றாலே பயம். படகின் விளிம்பைவிட்டுக் கையை எடுக்கமாட்டாள்.

மதியம் அவர் வீட்டில் சாப்பாடு. நாங்கள் கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்துக்கு அந்த அம்மா கெண்டை மீன் வறுத்துக் கொடுத்தார். பிறகு திட்டின் உட்பக்கம், காயல் பக்கமாக, மகளை இறக்கினார் பெரியவர். "கடல் பக்கம் வேணாம், இழுத்துடும்." முதுகுக்கு அடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, "உடம்பை விறைச்சுக்காத பாப்பா. உப்புத் தண்ணி, அதுவே தாங்கும். வானத்தைப் பாரு" என்றார். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டார். அவள் மிதந்தாள்.

மாலையில் கரைக்கு வந்து பணம் கொடுத்தேன். கும்பிட்டார், கும்பிட்டேன். நாள் முழுக்கப் பெயரும் தகப்பனார் பெயரும் எழுதுவதுதான் என் உத்தியோகம். ஆனால் அவரை "பெரியவரே" என்று கூப்பிட்டதோடு சரி. பெயர் கேட்கவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. பிச்சாவரம் காடு அலையைத் தாங்கி ஊர்களைக் காப்பாற்றியது என்று பிறகு எல்லோரும் எழுதினார்கள். உண்மைதான். காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பிழைத்தன. எம்.ஜி.ஆர். திட்டு காட்டுக்கு முன்னால் இருந்தது.

ஒரு வாரம் கழித்து, வங்கி ஊழியர்கள் சேர்த்த அரிசியோடும் போர்வையோடும் கிள்ளைப் பக்கம் ஒரு முகாமுக்குப் போனேன். ஓர் இளைஞரிடம் விசாரித்தேன்.

"பேர் சொல்லுங்க சார்."

"பேர் தெரியாதுப்பா. வயசானவர். படகு ஓட்டுவார்."

"இங்க எல்லாருமே படகு ஓட்டுறவங்கதான் சார்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதற்குமேல் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கொண்டுபோனதை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

வீட்டில் மகள் வாசலிலேயே நின்றாள். அப்போது பத்தாம் வகுப்பு. "தாத்தா இருக்காராப்பா?" என்றாள். "இருக்காராம். வேற ஊருக்குப் போயிட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டேன். பரீட்சை வருகிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பரீட்சை முடிந்தும் உண்மையைச் சொல்லவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன.

இரண்டு நாள் யோசித்துவிட்டு இப்போது எழுதினேன்: "பேர் எனக்குத் தெரியாதும்மா. இருக்கார்னு அன்னிக்குச் சொன்னதும் பொய்தான்."

ரொம்ப நேரம் பதில் இல்லை. இரவு எழுதினாள்: "பொங்கலுக்கு வர்றேன். ரெண்டு பேரும் போய்க் கேட்போம்."

திட்டில் இருந்தவர்களுக்குச் சுனாமிக்குப் பிறகு கரைப்பக்கமே வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அங்கே போய்த்தான் கேட்க வேண்டும். அன்றைக்கு எடுத்த புகைப்படம் ஒன்று பழைய ஆல்பத்தில் இருக்கிறது. அதில் அவர் முகம் இல்லை. தண்ணீரில் மகளும், அவள் முதுகுக்கு அடியில் ஒரு கையும் மட்டுமே தெரிகின்றன. அந்த இடது கையின் சுட்டுவிரலில் நுனி கிடையாது. முகாமில் அன்று இதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

கிள்ளை, முடசலோடை பக்கத்து நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், அங்கே இருக்கும் வயதானவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள். உயிரோடு இருந்தால் தொண்ணூறை நெருங்கியிருப்பார். இல்லையென்றாலும் பெயராவது தெரிய வேண்டும்.