கிராணியின் பேனாவும் பச்சைக்காரன் ஊசியும்

பச்சை குத்துதல் பாட்டிமார் காலத்தோடு ஒழிந்த பழக்கமென்றும், இக்காலத்தில் அதனைச் செய்துகொள்வோர் காலிகளே என்றும் நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன்வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். செம்பனைத் தோட்டமொன்றில் கிராணியாக இருப்பவன் நான்; பேரேடும் சம்பளப் பட்டியலுமே என் உலகம். என் எண்ணத்தை மாற்றியது என் தம்பி தன் கையால் செய்த ஒரு பாட்டரிப் பெட்டி.

தம்பி தோட்ட வேலையை விட்டுப் பட்டணத்திற்குச் சென்று, பச்சை குத்தும் தொழிலைக் கற்றுத் திரும்பினான். எங்கள் தந்தையார் ஓய்வுபெற்ற மண்டோர். "குறத்தி செய்த வேலையை என் மகன் செய்வதா?" என்று சினந்து, அவனோடு பேசுவதையே விட்டுவிட்டார். அச்சொல்லில் இருந்தது தொழிலின்மீதுள்ள வெறுப்பன்று, சாதியின் செருக்கே என்பது எனக்கு அன்று புலப்படவில்லை. பாட்டியின் முன்கையில் இருந்த பச்சைக் கோலமும் ஒரு குறத்தி இட்டதுதானே! "மற்ற நகையெல்லாம் கழற்றிவிடுவார்கள்; இது ஒன்றுதான் என்னோடு வரும்" என்று அவர் பெருமையோடு கூறுவார். அக்கையைப் போற்றிய நாங்கள், அதில் கோலமிட்ட கையை மட்டும் இகழ்ந்தோம்.

நிற்க. எங்கள் தோட்டத்தின் கடைசிப் பிரிவில் மின்சாரம் தோட்டத்து இயந்திரத்தினின்றே வருகிறது. மாலையில் ஓடத் தொடங்கும் அவ்வியந்திரம் இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். தொழிலாளருக்கு ஓய்வு கிடைப்பதோ ஞாயிற்றுக்கிழமைப் பகலில். ஆதலின் தம்பி தன் பொறிக்கென ஒரு பாட்டரிப் பெட்டி செய்ய முனைந்தான். பாட்டரியோடு கூடிய புதுவகைப் பொறிகள் கடைகளில் விற்கின்றன. ஆயினும் அவனிடமிருந்தது பழைய சுருள் பொறி, கையிலோ காசில்லை. உருளை வடிவான லித்தியம் கலங்கள் இரண்டைத் தொடராக இணைத்தான். முழுதும் ஏற்றிய கலமொன்று 4.2 வோல்ட் தரும்; இரண்டும் சேர்ந்து 8.4. அவன் பொறி ஏறத்தாழ எட்டு வோல்ட்டில் நன்றாக ஓடும். கணக்குச் சரியென்றே தோன்றிற்று.

அந்த ஞாயிறு, குலை வெட்டும் இளைஞன் ஒருவன், மறைந்த தன் தாயின் பெயரை முன்கையில் பொறித்துக்கொள்ள வந்தான். முதலெழுத்துகள் அழகாக அமைந்தன. ஆனால் கலங்கள் தளரத் தளர அழுத்தம் ஆறு வோல்ட்டை நோக்கி இறங்கிற்று. பொறியின் ஓசை மாறியது. ஊசி துளைப்பதை விட்டுத் தோலைக் கீறலாயிற்று. ஓரெழுத்தின் கோடு தடித்து வீங்கியது. தம்பி உடனே பொறியை நிறுத்தினான். "தவறு என் பெட்டியுடையது, உன் கை ஆறட்டும், நானே முடித்துத் தருகிறேன்" என்று கூறிக் காசு வாங்க மறுத்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. இறந்துபோன ஒரு தாயின் பெயர் பாதியில் நின்றுவிட்டதன்றோ? நான் எழுதிய கணக்கில் பிழை நேர்ந்தால் கோடிட்டுத் திருத்துவேன். தோலில் எழுதுவோனுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

அன்றிரவு இப்பொறியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்தபோது வியப்புற்றேன். 1876ஆம் ஆண்டு அமெரிக்கரான தாமஸ் எடிசன் மின்சாரப் பேனா ஒன்றிற்கு உரிமை பெற்றார். அதன் உச்சியிலிருந்த சிறு மோட்டார் ஓர் ஊசியை விரைந்து மேலும் கீழும் இயக்கித் தாளில் நுண்துளைகள் இடும்; அத்துளைகளின் வழியே மையை உருட்டிப் பல படிகள் எடுப்பர். அப்பேனா பிறந்தது அலுவலகத்திற்காக, என் போன்ற கிராணிகளுக்காக! அதனை இயக்கியதும் ஒரு பாட்டரியே. திரவம் நிறைந்த அந்த ஜாடிகளைப் பேணுவது பெருந்தொல்லையாயிருந்தது. தட்டச்சுப் பொறியும் பரவவே பேனா மறைந்தது. 1891இல் நியூயார்க் நகரத்துப் பச்சைக்காரர் சாமுவேல் ஓரைலி, அதன் முறையைத் தழுவிப் பச்சை குத்தும் மின்பொறிக்கு உரிமை பெற்றார். என் மேசையினின்று எழுந்துபோன கருவியே தம்பியின் கையில் இருக்கிறது. எங்கள் இருவர் தொழிலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எனலாம்.

அடுத்த பெட்டிக்கு நானும் உடனிருந்தேன். இம்முறை மூன்று கலங்கள். முழுதும் ஏற்றினால் 12.6 வோல்ட். அதனைக் குறைத்து எப்போதும் ஏழரை வோல்ட்டாகவே தரும் சிறு பலகை ஒன்றை இடையில் வைத்தான். கலங்கள் ஒன்பது வோல்ட்டுக்குத் தாழ்ந்தாலும் ஊசியின் வேகம் மாறாது. ஈயம் காய்ச்சிப் பற்றவைத்தால் சூட்டினால் கலம் பழுதாகுமென்று நிக்கல் பட்டைகளைப் புள்ளிப் பற்றினால் இணைத்தான். அளவுக்கு மீறி ஏற்றுவதையும், கம்பிகள் ஒன்றோடொன்று முட்டித் தீப்பற்றுவதையும் தடுக்கக் காப்புப் பலகையும் உருகியும் சேர்த்தான்.

எனினும் ஒன்றை அவனுக்கு எடுத்துரைத்தேன். பெட்டி பொறியைச் சுவரினின்று விடுவிக்கும். தூய்மைக் கடமையினின்று விடுவிக்காது. ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்கு எடுத்தால் ஈரலைக் கெடுக்கும் பி, சி வகை நோய்கள் பரவும். ஆதலின் ஆளுக்கொரு புதிய ஊசி; பிரித்த உறையும், நாளும், ஊசி அழிக்கப்பட்ட விவரமும் ஒரு பதிவேட்டில். அப்பதிவேட்டை எழுதுபவன் நானே. இதுநாள்வரை நான் எழுதிய ஏடுகளுள் இதனையே பெரிதாக மதிக்கிறேன்.

கை ஆறியபின் அவ்விளைஞன் மீண்டும் வந்தான். தம்பி தடித்த கோட்டை ஒரு மலர்க்கொடியில் அடக்கி, பெயரை முடித்தான். திண்ணையில் அமர்ந்திருந்த தந்தையார் நெடுநேரம் பார்த்திருந்தார். கடைசியில், "அந்தப் பெட்டி சூடாகாதாப்பா?" என்று கேட்டார். இரண்டாண்டுகளுக்குப்பின் அவர் தம்பியிடம் பேசிய முதற்சொல் அது.

"இல்லப்பா, தொட்டுப் பாருங்க" என்றான் தம்பி. அவர் தொட்டுப் பார்த்தார்.

அன்பர்களே, ஒருவன் செய்யும் தொழிலின் பெயரைக் கேட்டு அவனை அளவாதீர்கள். தவறு நேர்ந்தபோது அவன் என்ன செய்கிறான் என்பதைக் கண்டு அளவுங்கள்.