இரண்டு புள்ளிகள்

'வால்வ் டைமிங் டயகிராம்' என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது காம்பஸும் பாகைமானியும்தான். வட்டம் போட்டு, டி.டி.சி., பி.டி.சி. குறித்து, இன்லெட் வால்வ் இத்தனை டிகிரியில் திறக்கும், எக்ஸாஸ்ட் வால்வ் இத்தனை டிகிரியில் மூடும் என்று எழுதிவிட்டால் மார்க் நிச்சயம். ஆனால் அந்த டிகிரியெல்லாம் இன்ஜினுக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது? சென்ற செமஸ்டர் லீவில், சங்கரன்கோவிலில் ஓர் ஒர்க்ஷாப்பில், 1972-ஆம் வருட அம்பாசிடர் கார் ஒன்றில் அதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்ததைச் சொல்வதே இக்கட்டுரை.

முதலில் வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் கடைசியில் தயாரிக்க ஆரம்பித்ததுதான் அம்பாசிடர். 2014 மே மாதம் அதன் உற்பத்தி நின்றது. நான் பார்த்தது மார்க் 2 வண்டி. 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். நான்கு சிலிண்டர், பயரிங் ஆர்டர் 1-3-4-2. கேம் ஷாப்ட் கீழே பிளாக்கில் இருக்கும். அங்கிருந்து புஷ் ராடு, ராக்கர் ஆர்ம் வழியாக மேலே உள்ள வால்வுகளை இயக்கும். 2021-இல் வந்த மத்திய அரசின் விதிப்படி, முதல் பதிவு முடிந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய வண்டி 'வின்டேஜ்' எனப்படும். அந்தக் கணக்கில் இதுவும் வின்டேஜ்தான். அதன் சொந்தக்காரருக்கோ அது வெறும் 'வண்டி'. டாக்சி ஓட்டியே மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்த பெரியவர் அவர்.

வண்டியில் இழுவை இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கார்புரேட்டர் வழியாக 'பட் பட்' என்று திருப்பித் துப்பியது. சூடும் ஏறியது. முன்பக்கம் சலங்கை கட்டின மாதிரி ஒரு சத்தம். வேறொரு இடத்தில் கம்ப்ரஷன் பார்த்துவிட்டு, "போர் போடணும், பிஸ்டன் மாத்தணும், நாப்பதாயிரத்துக்குக் குறையாது. பேசாம எடைக்குப் போட்டுருங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். பழைய இரும்புக்காரர் வந்து விலையும் பேசிவிட்டுப் போயிருந்தார். கடைசியாக ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் எங்கள் அண்ணாச்சியிடம் வண்டியைக் கட்டி இழுத்து வந்தார் பெரியவர்.

அண்ணாச்சி இன்ஜினைப் பிரிக்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை மட்டும் கழற்றினார். பிளக்குகளை எடுத்துவிட்டு, கிராங்க்கை மெதுவாகச் சுற்றச் சொன்னார். "இப்ப அப்படியே திருப்பிச் சுத்து தம்பி. ரோட்டர் எப்ப நகருதுன்னு பாரு" என்றார். கிராங்க் நன்றாகவே திரும்பிய பிறகுதான் ரோட்டர் அசைந்தது. இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது கேம் ஷாப்ட். கேம் ஷாப்ட்டைச் சுற்றுவது டைமிங் செயின். செயின் தொய்ந்திருந்தால், கிராங்க் முதலில் அந்தத் தொய்வைத்தான் இழுக்கும். அப்புறம்தான் கேம் அசையும். கவரைத் திறக்காமலே நோயைச் சொல்லும் நாடி இது!

ரேடியேட்டர், பேன் பெல்ட், கிராங்க் புல்லி எல்லாம் இறங்கின. டைமிங் கவரைத் திறந்தோம். கீழே கிராங்க்கில் சின்னப் பல்சக்கரம், மேலே கேமில் பெரிய பல்சக்கரம். இரண்டிலும் ஒவ்வொரு புள்ளி அடித்திருக்கும். இரண்டு ஷாப்ட்டின் மையங்களையும் சேர்த்து ஒரு கோடு போட்டால், இரு புள்ளிகளும் ஒன்றையொன்று பார்த்தபடி அந்தக் கோட்டிலே நிற்க வேண்டும். இங்கே பெரிய சக்கரத்துப் புள்ளி ஒரு பல் பின்தங்கி நின்றது.

ஒரு பல்தானே என்று நினைக்காதீர்கள். கணக்குக்கு, சின்னச் சக்கரத்தில் 20 பல் என்று வைத்துக்கொள்வோம். 360-ஐ 20-ஆல் வகுத்தால் 18. அதாவது ஒரு பல் தாண்டினால் கிராங்க் கணக்கில் 18 டிகிரி தாமதம்! இன்லெட் வால்வ் மூடத் தாமதமானால், உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதியை மேலேறும் பிஸ்டன் வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். கம்ப்ரஷன் குறையும். பிஸ்டனும் ரிங்கும் நன்றாக இருந்தாலும் கேஜில் முள் ஏறாது. போர் போடச் சொன்னதன் காரணம் இப்போது புரிந்தது.

சரி, செயின் ஏன் இவ்வளவு தொய்ந்தது? அண்ணாச்சி ஸ்டீல் ஸ்கேலை எடுத்துப் பெரிய சக்கரத்தின் பற்களின் முகத்தோடு ஒட்டி வைத்தார். இரண்டு சக்கரமும் ஒரே தளத்தில் இருந்தால் ஸ்கேல் சின்னச் சக்கரத்தையும் தொட வேண்டும். தொடவில்லை. இடைவெளியில் பில்லர் கேஜை விட்டு அளந்தார். சின்னச் சக்கரத்துக்குப் பின்னால் அளவுக்கேற்ப மெல்லிய பேக்கிங் வாஷர்கள் போட்டிருக்க வேண்டும். எப்போதோ யாரோ இன்ஜின் வேலை பார்த்தபோது ஒன்றைத் திரும்பப் போடாமல் விட்டிருக்கிறார்கள். அதனால் செயின் கோணலாக ஓடியிருக்கிறது. பக்கத் தகடு ஒருபுறம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. செயின் 'நீண்டுவிட்டது' என்கிறோமே, இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, அந்தத் தேய்மானம் எல்லாம் சேர்ந்துதான் நீளமாகிறது. ஒரு வாஷர் இல்லாததால் ஒரு காரே எடைக்குப் போக இருந்தது!

அந்த நேரம் பார்த்து, நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுச் சாவி கொடுக்க அப்பா வந்தார். சங்கரன்கோவிலில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. அப்பா இருபத்தைந்து வருடமாக விசைத்தறி ஓட்டுகிறவர். படித்தது ஐந்தாவது. குனிந்து சற்று நேரம் பார்த்தார்.

"ஏலே, சின்னது ரெண்டு சுத்து சுத்தினா பெருசு ஒரு சுத்தா?"

"ஆமாப்பா."

"நம்ம தறி மாதிரில்லா இருக்கு! மேல கிராங்க் ஷாப்ட் ரெண்டு சுத்து, கீழ டாப்பெட் ஷாப்ட் ஒரு சுத்து. பல்லு மாறிப் போச்சுன்னா நாடா பாவுக்குள்ள மாட்டி அத்தனை இழையும் போயிரும். புள்ளி வச்சிருக்காங்கல்லா, அதைப் பாத்துப் போடு."

நான் அப்படியே நின்றுவிட்டேன். சாதாத் தறியில் கிராங்க் ஒரு சுற்றுக்கு ஓர் ஊடை இழை விழும். பாவைப் பிரிக்கிற டாப்பெட்கள் இரண்டு இழைக்கு ஒருமுறை சுற்றும் கீழ்த்தண்டில் இருக்கின்றன. நம் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்றுக்குக் கேம் ஒரு சுற்று. அதே 2:1! எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு முன்னாலேயே இந்தப் பாடம் எங்கள் வீட்டில் இருந்திருக்கிறது. அதற்குச் சர்டிபிகேட் மட்டும்தான் இல்லை. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, "உங்க அப்பா சொன்னதுதான் தம்பி விஷயம். எழுதி வச்சுக்க" என்றார்.

மதுரையிலிருந்து புதுச் செயினும் சக்கரங்களும் வந்தன. விட்டுப்போன வாஷரைப் போட்டு, ஸ்கேல் வைத்துச் சரிபார்த்து, இரண்டு புள்ளிகளையும் நேருக்கு நேர் நிறுத்திச் செயினை மாட்டினோம். கையால் ஒரு சுற்று சுற்றியதும் கேம் புள்ளி எதிர்ப்பக்கம் போனது. இன்னொரு சுற்றில் இரண்டும் மறுபடி சந்தித்தன. இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் இப்படி இரண்டு சுற்று கையால் சுற்றிப் பார்ப்பது அவசியம். இன்னொன்று: புள்ளிகள் சேர்ந்துவிட்டதாலேயே 1-ஆவது சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 4-ஆவது சிலிண்டரில் ஒரு வால்வ் மூடி மற்றொன்று திறக்க ஆரம்பிக்கும் நேரத்தில்தான் 1-ஆவது கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும். வைவாவில் கேட்டால் சொல்ல உதவும்!

புளியங்குடி ரோட்டில் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த பெரியவர் எதுவும் பேசவில்லை. பானட் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செல்போனை எடுத்துப் பழைய இரும்புக்காரரிடம், "வர வேண்டாம்யா" என்று மட்டும் சொன்னார்.

நண்பர்களே! டிப்ளமோ முடித்ததும் நமக்கும் பலர் வண்டியையும் மெஷினையும் காட்டி 'என்ன செய்யலாம்?' என்று கேட்பார்கள். 'மாத்திருங்க' என்று சொல்லச் சில நொடி போதும். அளந்து பார்க்கத்தான் நேரமும் பொறுமையும் வேண்டும். நாம் சொல்லும் ஒரு வார்த்தையில் யாரோ ஒருவரின் சேமிப்பு போகலாம், நிற்கலாம். ஆகவே ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு வாயைத் திறப்போம். தறியோ, பம்ப்செட்டோ, லேத்தோ, நம் வீட்டுப் பெரியவர்கள் கைவைத்த மெஷின் எதுவானாலும் அதன் பக்கத்தில் ஒரு நாள் நின்று பார்ப்போம். நம் சிலபஸில் பாதி அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும்!