நாலு ஓடுது... நாலு தூங்குது!

எட்டு பேர் இருக்கிற எந்த ஆபீஸ் செக்ஷனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு எட்டிப் பார்த்தால் நாலு பேர் வேலை செய்துகொண்டிருப்பார்கள். மீதி நாலு பேர் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஆழ்ந்த யோசனையில் இருப்பார்கள். 'ஆடிட் வர்றாங்க' என்று வாசலில் ஒரு குரல் கேட்கட்டும்... அடுத்த விநாடி எட்டு பேரும் பேனா மூடியைத் திறந்திருப்பார்கள்!

அமெரிக்காவில் இதே சங்கதியை இன்ஜினுக்குள் வைத்துவிட்டார்கள். பெரிய டிரக். எட்டு சிலிண்டர். நேர் ரோட்டில் சாவகாசமாகப் போகும்போது நாலு சிலிண்டர் தூங்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எட்டும் முழித்துக்கொள்ளும். பெயர், சிலிண்டர் டீஆக்டிவேஷன்.

கடலூரில் குப்பை கொட்டும் எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சம்பந்தம் என் அத்தை மகன்.

அத்தான் செம்மண்டலத்துப் பையன். அண்ணாமலை யூனிவர்சிட்டியில் இன்ஜினீயரிங் முடித்து, ஹூஸ்டன் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் கம்ப்யூட்டர் வேலை போய்விட்டது. மனுஷன் கன்னத்தில் கை வைத்து உட்காரவில்லை. ஒரு டிரெய்லர் வாங்கி, அதில் அடுப்பு வைத்து, தன் டிரக்கின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போய் இட்லி, தோசை விற்க ஆரம்பித்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் அத்தை ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் போனில் கேட்ட முதல் கேள்வி: "உளுந்து எவ்வளவு நேரம் ஊற வைக்கிறே?"

ஆக, டிரக் ஓடினால்தான் அடுப்பு எரியும். அந்த டிரக்தான் படுத்துவிட்டது.

காலையில் ஸ்டார்ட் பண்ணினால் 'டிக்... டிக்... டிக்' என்று ஒரு சத்தம். பிறகு ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர். ஒர்க்ஷாப்பில் பிரித்துப் பார்த்து, தூங்குகிற சிலிண்டர் ஒன்றில் லிஃப்டர் போய்விட்டது, அதன் உருளை கேம் ஷாஃப்ட்டையும் தின்றுவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். (டிரக் கம்பெனியின் பெயர் வேண்டாம். வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதில் எழுத எனக்கு இங்கிலீஷ் போதாது.)

"மச்சான், பழையபடியே போடறதா, இல்ல இந்தத் தூக்க சமாச்சாரத்தையே கழட்டிப் போட்டுடறதா? கழட்டினா வேற கேம், வேற வால்வு ஸ்பிரிங் போடணும்கறான். மூணு கேம் காட்டறான். நம்ம மேஸ்திரியை ஒரு வார்த்தை கேளேன்!"

நம்ம மேஸ்திரி என்றால் செம்மண்டலத்தில் பட்டறை வைத்திருப்பவர். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் லாரி, நெய்வேலிக்குப் போகும் டிப்பர், காலேஜ் பையன்களின் புல்லட், எல்லாம் அவர் கைக்கு வரும். எட்டு சிலிண்டர் டிரக்கை அவர் தொட்டதில்லை. அதனால் என்ன? "ரெண்டு நாலு சிலிண்டரை V மாதிரி சாய்ச்சு வச்சிருப்பான். அவ்ளோதானே!" என்று பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார்.

★

முதலில் ஒரு சின்னப் பாடம். மேஸ்திரி எனக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்கிறேன்.

இன்ஜினுக்குள் ஒரு நீளமான தண்டு, அதில் முட்டை வடிவத்தில் மேடுகள். அதுதான் கேம் ஷாஃப்ட். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் இது ஒரு சுற்று. முட்டையின் கூர்ப்பக்கம் வரும்போது லிஃப்டரை மேலே தள்ளும். லிஃப்டர் புஷ் ராடைத் தள்ளும். புஷ் ராடு ராக்கரைத் தள்ளும். ராக்கர் வால்வைத் திறக்கும். நம் ஆபீஸில் ஒரு மனு மேலே போவது போலத்தான். பழைய புல்லட்டிலும் இதே கதை. அமெரிக்க டிரக்கிலும் இதே கதை.

சரி, தூக்கம் எப்படி? தூங்குகிற சிலிண்டரின் லிஃப்டர் இரண்டு துண்டு. நடுவில் சின்ன பின் போட்டுப் பூட்டியிருக்கும். கம்ப்யூட்டர் உத்தரவு போட்டதும் ஆயில் பிரஷர் போய் அந்தப் பின்னை உள்ளே தள்ளும். பூட்டு கழன்றுவிடும். கேம் தள்ளும், லிஃப்டர் தன்னுள்ளேயே மடங்கிக்கொள்ளும், வால்வு அசையாது. பெட்ரோலும் நின்றுவிடும். சிலிண்டருக்குள் மாட்டிக்கொண்ட காற்று அமுங்கி விரிந்து அமுங்கி விரிந்து சும்மா இருக்கும்.

இதனால் லாபம் உண்டு. பெரிய இன்ஜின் மெதுவாக ஓடும்போது த்ராட்டில் பாதிக்கு மேல் மூடியே இருக்கும். ஸ்ட்ராவின் வாயை விரலால் பாதி மூடிக்கொண்டு இளநீர் உறிஞ்சிப் பாருங்கள், அந்தக் கஷ்டம்தான். நாலு தூங்கினால் மீதி நாலுக்கு த்ராட்டில் தாராளமாகத் திறக்க வேண்டியிருக்கும். உறிஞ்சுகிற சிரமம் குறைந்து பெட்ரோல் மிச்சமாகும்.

புது யோசனையும் இல்லை. 1981-லேயே காடிலாக் கார்களில் எட்டு, ஆறு, நாலு என்று சிலிண்டர் குறைகிற இன்ஜின் வந்தது. அன்றைய கம்ப்யூட்டருக்கு அந்த வேகம் பிடிபடவில்லை. கார் குலுங்கியது, பலர் ஒயரைப் பிடுங்கிவிட்டு எட்டிலேயே ஓட்டினார்கள். 2000-களின் நடுவில் நல்ல கம்ப்யூட்டரோடு யோசனை திரும்ப வந்தது. நம் ஊரிலும் 2021-ல் ஸ்கோடா குஷாக், ஃபோக்ஸ்வேகன் டைகுன் 1.5 லிட்டர் கார்களில் நாலில் இரண்டு தூங்குகிற ஏற்பாடு வந்தது. அது வேறு தினுசு. அங்கே லிஃப்டர் மடங்காது, கேமின் துண்டுகளே பக்கவாட்டில் நகரும்.

"யோசனை தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஆயிலை நம்பி ஒரு பூட்டு. ஆயில் அழுக்கானா பூட்டு ஒழுங்கா வேலை செய்யுமா? வீட்டுப் பூட்டே துருப்பிடிச்சா திறக்க மாட்டேங்குது!" என்றார் மேஸ்திரி.

★

வாட்ஸப்பில் அத்தான் வந்தார். நமக்குக் காலை ஏழு மணி. அவருக்கு முந்தின நாள் ராத்திரி எட்டரை.

"ஏன் மேஸ்திரி, கம்ப்யூட்டர்ல மட்டும் அதை ஆஃப் பண்ணிட்டா போதாதா? பிளக் மாதிரி ஒண்ணு விக்கறான். சொருகினா எட்டும் முழிச்சே இருக்குமாம்."

"லிஃப்டர் நல்லா இருந்தா அது சரி, தம்பி. உங்களுக்குத்தான் போயிடுச்சே! முழிச்சிட்டிருன்னு சொன்னா, கால் ஒடிஞ்சவன் எழுந்து நடப்பானா?"

கழட்டுவது என்று முடிவானது. இங்கேதான் ஒரு சூட்சுமம். லிஃப்டரை மட்டும் சாதாரண லிஃப்டராக மாற்றிவிட்டுப் பழைய கேமையே விடக்கூடாது. தூங்குகிற நாலு சிலிண்டர்களுக்கான மேடுகளை அந்த மடங்கும் லிஃப்டருக்குத் தோதாக வேறு மாதிரி கடைந்திருப்பார்கள். சாதா லிஃப்டர் அதன்மேல் உட்கார்ந்தால் கணக்கு உதைக்கும். ஆகவே கேம் கட்டாயம் மாற வேண்டும். பதினாறு லிஃப்டரும் புதுசு. ஆயிலைத் திருப்பிவிடும் பிளேட்டுக்குப் பதில் சாதா மூடி. புஷ் ராடு நீளத்தை அளந்து போட வேண்டும். கடைசியில் கம்ப்யூட்டருக்கும் 'இனி யாரையும் தூங்க வைக்காதே' என்று புது புரோகிராம் எழுத வேண்டும்.

கேம் மூன்று. ஒன்று, கம்பெனியே தூக்கம் இல்லாத இன்ஜினுக்குப் போடும் சாதா கேம். இரண்டு, டிரக் கேம் என்று விற்பது. இன்டேக் வால்வு 210 டிகிரி சுமாருக்குத் திறந்திருக்கும். மூன்று, 230 டிகிரி. (லிஃப்டர் 50 தௌ எழுந்ததிலிருந்து அளக்கிற கணக்கு இது.)

அத்தான் தொண்டையைக் கனைத்தார். எனக்குப் புரிந்துவிட்டது. மனசு மூன்றாவதில் இருக்கிறது!

"அதுல சத்தம் சூப்பரா இருக்கு மச்சான். நின்னுக்கிட்டே 'லொபுக்... லொபுக்...'னு மூச்சு விடுது. நம்ம புல்லட் மாதிரி!"

சில்வர் பீச் பக்கம் சாயங்காலம் போய் நின்று பாருங்கள். புல்லட் சத்தத்துக்காகவே புல்லட் வைத்திருக்கிற இளைஞர் கூட்டத்தை அங்கே பார்க்கலாம். ஆகவே அத்தானை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

மேஸ்திரி சிரிக்கவில்லை. "தம்பி, அந்தச் சத்தம் எங்கேர்ந்து வருது தெரியுமா? ரெண்டு வால்வும் ஒரே நேரத்துல ரொம்ப நேரம் தொறந்து கெடக்கு. போன புகை திரும்பி வருது. இன்ஜின் தடுமாறுது. அது கர்ஜனை இல்ல, விக்கல்!"

பிறகு விளக்கினார். வால்வு அதிக நேரம் திறந்திருந்தால், மெதுவாக ஓடும்போது பிஸ்டன் மேலே ஏறும்போதும் வால்வு மூடாமல் இருக்கும். உள்ளே வந்த காற்றில் கொஞ்சம் வந்த வழியே வெளியே போய்விடும். இழுவை போச்சு! வேகம் ஏறினால் கதை வேறு. காற்று ஓடி வந்த வேகத்திலேயே மேலும் மேலும் நுழையும். 5,000, 6,000 சுற்றில் பெரிய கேம் பறக்கும்.

"நீங்க எத்தனை சுற்றுல ஓட்டறீங்க?"

"டிரெய்லர் கட்டினா ரெண்டாயிரம்... மூவாயிரம்."

"பின்னால என்ன இருக்கு?"

"அடுப்பு. கேஸ். மாவு. தண்ணி."

"அப்ப ரேஸ் ஓட்டல. மாவு ஓட்டறீங்க. ரெண்டாம் நம்பர் கேம் போதும். மூணாவது போட்டா கியர் பாக்ஸோட டார்க் கன்வெர்ட்டரையும் மாத்தச் சொல்லுவான், அதுக்கும் பணம் கேப்பான்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. 'பணம்' என்ற வார்த்தை அப்படி. வேலையில் இருந்த காலத்தில் அத்தான் மூன்றாவதைத்தான் எடுத்திருப்பார்.

★

"ஸ்பிரிங் பழசே இருக்கட்டுமா? ஒடையல, நல்லாத்தான் இருக்கு. அதுல கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்" என்றார் அத்தான்.

இதுவரை உட்கார்ந்திருந்த மேஸ்திரி எழுந்துவிட்டார்.

"எல்லாரும் கேமைப் பத்தியே பேசுவாங்க தம்பி. கேம் வால்வைத் தொறக்கும். மூடாது! மூடறது ஸ்பிரிங். தொறக்கறவனுக்குப் பேரு, மூடறவனுக்கு வேலை."

எனக்குச் சட்டென்று எங்கள் செக்ஷன் அட்டெண்டர் ஞாபகம் வந்தார். காலையில் ரிப்பன் வெட்டித் திறந்தவர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. ராத்திரி ஒவ்வொரு கதவாகப் பூட்டுகிறவர் அவர்.

ஒன்றரை லட்சம் மைல் அமுங்கி அமுங்கி எழுந்த ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அதன்மேல் முன்பைவிட உயரமாகத் தூக்கும் கேமைப் போட்டால் இரண்டு ஆபத்து. ஒன்று, வேகத்தில் வால்வு கேமோடு இறங்காமல் அந்தரத்தில் மிதக்கும். ரொம்ப மோசமானால் பிஸ்டன் வந்து முட்டும். இரண்டு, முழுக்கத் திறக்கும்போது சுருள்கள் ஒன்றோடொன்று இடித்து இறுகும். புஷ் ராடு வளையும், ராக்கர் போகும். முழுத் திறப்பிலும் சுருள்கள் முட்ட இன்னும் சுமார் 60 தௌ மிச்சம் இருக்க வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. அதாவது ஒன்றரை மில்லிமீட்டர்.

"அப்ப இருக்கறதுலயே முரட்டு ஸ்பிரிங்கா போட்டுடறேன்!"

"அதுவும் வேணாம். அளவுக்கு மீறி இறுக்கினா, அந்த இறுக்கம் பூரா கேம் தலையிலயும் லிஃப்டர் உருளையிலயும்தான் விழும். எது தேய்ஞ்சுதுன்னு இவ்ளோ செலவு பண்றீங்களோ, அதையே திரும்பத் தேய்க்கறதா?"

கடைசியில் மேஸ்திரி சொன்னது இதுதான். கேம் செய்கிறவனே அதற்கு எந்த ஸ்பிரிங், மூடியிருக்கும்போது எவ்வளவு அழுத்தம், பொருத்தும்போது எவ்வளவு உயரம் என்று சீட்டு கொடுப்பான். கேமை ஒரு கடையிலும் ஸ்பிரிங்கை இன்னொரு கடையில் சலுகை விலையிலும் வாங்காதே. ஜோடியாக வாங்கு. அரை அங்குலத்தை ஒட்டின திறப்புதான் என்றால், மேலே குறுகி தேன்கூடு மாதிரி இருக்கும் ஒற்றை ஸ்பிரிங் தாராளம். எடை குறைவு, அதனால் சீக்கிரம் திரும்பும். அதற்கு மேல் வெகு உயரம் தூக்கும் கேமுக்குத்தான் ஒன்றுக்குள் ஒன்று வைத்த இரட்டை ஸ்பிரிங். பதினாறையும் பொருத்தும்போது உயரத்தை அளந்தே பொருத்தச் சொல்.

இன்னொரு விஷயமும் உண்டு. அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டோடு விளையாடினால் சட்டம் விடாது. ஹூஸ்டனில் வருஷா வருஷம் புகைச் சோதனை இருக்கிறது. கழட்டுமுன் அதையும் விசாரித்துக்கொள்ளும்படி நான் சொன்னேன். இங்கே புல்லட்டுக்கு வேஷம் கட்டும் தம்பிகளுக்கும் சேதி உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றாதே என்கிறது.

★

ஒரு மாதம் கழித்து அத்தான் வீடியோ காலில் வந்தார். இரண்டாம் நம்பர் கேம், அதற்கென்றே சொன்ன ஸ்பிரிங். சோதனையும் பாஸ். ஹைவேயில் பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கிறதாம். ஆனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் டிரெய்லர் போய் வருகிறது. மாவு தீர்ந்துவிடுகிறது.

அத்தையையும் மேஸ்திரியையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன். அத்தான் டிரக் பானெட்டைத் திறந்து, போனை இன்ஜின் பக்கம் நீட்டி, "இப்ப கேளுங்க!" என்றார்.

கேட்டோம். சீரான ஒரு முனகல். அவ்வளவுதான்.

அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஏண்டா, இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலியா?" என்றாள்.

மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நல்லா ஒக்காந்துடுச்சு" என்றார்.