செம்பும் இரும்பும் ஒட்டிய இடம்

அன்புள்ள நந்தகோபால் சார்,

2017இல் நீங்கள் மறைந்த செய்தியை அம்பத்தூர் தொழிற்பேட்டையில், லேத் ஓடும் சத்தத்துக்கு நடுவே படித்தேன். உங்களிடம் ஒருமுறைகூடப் பேசியதில்லை. சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததை இப்போது எழுதுகிறேன்.

சார், அப்பா இறந்த ஆண்டில் எனக்கு அழுகையே வரவில்லை. ஒருநாள் இரண்டு பேருந்து மாறி ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்துக்கு வந்தேன். உங்கள் தந்தை கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு உண்டாக்கிய கிராமம். அங்கே உங்கள் சிற்பம் ஒன்றின் முன் நின்றேன். செம்புத் தகடு, பித்தளை, பற்றவைத்த தழும்புகள். பறவையா, மரமா, மனிதனா என்று தெரியவில்லை. தெரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை. பட்டறையில் நாங்கள் தினமும் பெருக்கித் தள்ளுகிற சாமான்கள் அங்கே நிமிர்ந்து நின்றன. அன்றுதான் அழுதேன். அதற்கு என் முதல் நன்றி.

சார், உங்கள் சிற்பங்களை நேர் எதிரே நின்று பார்க்க வேண்டும். கோயில் மூர்த்திகளுக்குச் சாத்தும் கவசத்திலிருந்து சிற்பி ஜானகிராமும் நீங்களும் கண்டெடுத்த வழி அது என்று பிறகு அறிந்தேன். ஆடி மாதத்தில் எங்கள் தெரு அம்மனுக்கும் கவசம் சாத்துவார்கள். கண்ணில் படுவது தகடு, கும்பிடுவது உள்ளே இருப்பவளை. உருவமில்லாத சிற்பம் மனதை எப்படிக் காட்டும் என்று கேட்பவர்களிடம் அந்த அம்மனைத்தான் சொல்கிறேன்.

சார், நீங்கள் லயோலாவில் இயற்பியல் படித்துவிட்டு ஓவியக் கல்லூரிக்குப் போனவர். உலோகத்தின் சூடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. நானும் ஒரு சிற்பம் செய்ய நினைத்து, அப்பாவின் லேத்தில் சுருண்டு விழுந்த இரும்புச் சீவலைச் செம்புத் தகட்டோடு ஒட்டப் பார்த்தேன். செம்பு 1,085 டிகிரியில் உருகிவிடும்; இரும்புக்கு 1,500ஐத் தாண்ட வேண்டும். மூன்று முறை தகடு ஓட்டையானது. கேஸ் வெல்டிங் செய்யும் அண்ணன் ஒருவர் பித்தளைக் கம்பியோடு வந்தார். "ரெண்டையும் உருக்காதப்பா. இது உருகி ரெண்டையும் பிடிச்சுக்கும்" என்றார். அப்பாவும் நானும் பேசாமலிருந்த வருடங்களில் அம்மா செய்த வேலை அது. வாயால் சொல்ல முடியாத அதை அந்த ஒட்டில் வைத்தேன், சார். வைக்கலாம் என்ற துணிவு உங்களிடம் பெற்றது.

சார், அந்தச் சிற்பம் பட்டறை வாசலில் நிற்கிறது. காயலான் கடைக்காரர் எடை போட வரும் நாளில், செம்பு, பித்தளைத் துண்டுகளை மட்டும் அந்த அண்ணன் ஒரு கோணியில் எனக்காகத் தனியே எடுத்துவைக்கிறார்.