அரைப்பேர்

2022 டிசம்பர் 18 இரவு. கட்டாரில் மொன்டியல் அடித்த கடைசி பெனால்டி வலைக்குள் போனதும் லயத்து வாசலுக்கு ஓடிவந்து கத்தினோம். தீபாவளிக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த வெடியை ஒருவன் கொளுத்தினான். எதிர்மலைத் தோட்டத்திலிருந்தும் வெடிச்சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து எங்களில் ஒருத்தன், "மாமா இருந்திருக்கணும்டா" என்றான். அதற்குப் பிறகு யாருக்கும் கத்த மனசு வரவில்லை.

அவர் எங்கள் எல்லாருக்குமே மாமாதான். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களில் பொடியன்கள் கையில் எப்போதும் கிரிக்கெட் மட்டைதான் இருக்கும். எங்களை உதைபந்துப் பைத்தியங்களாக்கியது மாமாதான். 1986இல் மரடோனா கப் தூக்கிய படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி, கோதுமை மாவுப் பசையால் காம்பராச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். சுண்ணாம்பு அடிக்கும்போதுகூட அந்த இடத்தை விட்டுவிட்டு அடிப்பார். ஆர்ஜென்டீனா எங்கே இருக்கிறதென்று தெரியாத வயசிலேயே நாங்கள் ஆர்ஜென்டீனா ஆட்களாகிவிட்டோம்.

எதிர்லயத்துப் பெரியப்பா பிரேசில் கட்சி. கப் நடக்கும் மாதம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். 2014இல் ஜேர்மனி பிரேசிலுக்கு ஏழு கோல் போட்ட ராத்திரி, பெரியப்பா பாதியிலேயே எழுந்து போய்விட்டார். விடிந்ததும் மாமா கிண்டல் பண்ணப்போகிறார் என்று நாங்கள் காத்திருந்தோம். மாமா ஒரு கோப்பைத் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றுமே பேசவில்லை.

அந்தக் கப்பின் ஃபைனல் எங்கள் நேரத்துக்கு ஜூலை 14 நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. மாமா காம்பராவில் கால் வைக்க இடமில்லை. மீரியபெத்தவிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்த இரண்டு அண்ணன்மாரும் எங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். 113ஆவது நிமிஷத்தில் கோட்ஸ அடித்த கோலோடு எல்லாம் முடிந்தது. திங்கட்கிழமை, எல்லாருக்கும் காலையில் வேலை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டே அந்த அண்ணன்களில் ஒருவர், "விடுங்க, அடுத்த கப்புல பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒக்டோபர் 29, புதன்கிழமை காலையில் மீரியபெத்தவில் மலை சரிந்து வந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது லயங்கள் இருந்த இடத்தில் சேறு இருந்தது. "அடுத்த கப்" என்று சொன்ன அண்ணன் அந்த மண்ணுக்குள்தான் இன்னும் இருக்கிறார். மாமா 2021இல் போனார். கொரோனாக் காலம், தப்பு அடிக்கக்கூட ஆள் சேரவில்லை. மாமாவுடைய நீலம் வெள்ளை ஜேர்சியை மடித்துக் கொண்டுவந்து அவர் நெஞ்சில் வைத்தது பிரேசில் பெரியப்பா.

இவர்கள் யாரும் மெஸ்ஸி கப் தூக்கியதைப் பார்க்கவில்லை. அந்த டிசம்பர் ராத்திரியில் எங்களுக்கு வந்த யோசனைதான் இது: வருஷத்துக்கு ஒருமுறை, ஒக்டோபர் கடைசி ஞாயிறு, எங்களோடு மெட்ச் பார்த்துப் போய்ச் சேர்ந்தவர்களின் பெயர்களை வாசித்துவிட்டு ஒரு மெட்ச் விளையாடுவது.

உடனே சண்டை வந்தது. "ஆளுங்க செத்த மாசத்துல போல் அடிச்சு விளையாடுறதா?" என்று எங்களுக்குள்ளேயே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். விளக்கு வைக்கலாம், கோயிலில் பூசை வைக்கலாம். எதற்கு உதைபந்து?

பதில் தேடித்தான் கல்கத்தா கதையைப் படித்தோம். 1980 ஓகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் விளையாடிய அன்று கலரியில் கலவரம் வந்து, நெரிசலில் 16 ரசிகர்கள் செத்தார்கள். அங்கே ஓகஸ்ட் 16ஐ உதைபந்து ரசிகர்கள் நாளாக நினைவுகூர்கிறார்கள். அன்றைக்கு இரத்ததானம் நடக்கும். கலரியில் அடித்துக்கொண்ட இரண்டு கட்சி ஆட்களும் வந்து கையை நீட்டுகிறார்கள்.

லிவர்பூல் கதை இன்னும் நெருக்கமாக இருந்தது. 1989 ஏப்ரல் 15, ஹில்ஸ்பரோ மைதானத்தில் கம்பிவேலிக்குப் பின்னால் ரசிகர்கள் நெரிபட்டுச் செத்தார்கள். பொலிஸ் பழியை ரசிகர்கள் மேலேயே போட்டது. குடும்பங்கள் விடவில்லை. அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் தப்பில்லை என்று ஜூரி சொன்னது 2016இல்தான். அன்றைக்குப் பாதிக்கப்பட்ட ஒருவர் 32 வருஷம் கழித்து, 2021இல் இறந்தார். 96 என்று இருந்த கணக்கு 97 ஆனது. அன்ஃபீல்ட் மைதானத்துக்கு வெளியே நினைவுக்கல்லில் ஒவ்வொருத்தர் பெயரும் இருக்கிறது.

இதைப் படித்தபோது எங்களுக்கு மீரியபெத்தவின் கணக்குத்தான் ஞாபகம் வந்தது. முதலில் நூற்றுக்கணக்கில் சொன்னார்கள், பிறகு குறைத்தார்கள், ஒவ்வொரு செய்தியிலும் ஒவ்வோர் எண்ணிக்கை. எண்ணிக்கையை யாரும் மாற்றலாம். பெயரைத் தெரிந்தவர்கள் இருக்கும்வரை பெயரை மாற்ற முடியாது. மெட்ச் வைக்கலாம், ஆனால் முதலில் பெயர்ப்பட்டியல் சரியாக இருக்கவேண்டும் என்று முடிவெடுத்தோம்.

ஒரு கொப்பியில் பதினொரு பெயர் எழுதினோம். ஒரு டீம் மாதிரி சரியாக வந்துவிட்டது என்று எங்களுக்கு உள்ளுக்குள் பெருமை. மாமாவின் சம்சாரம், எங்கள் அத்தை, மலையிலிருந்து வந்து கூடையை இறக்கிவிட்டு, "வாசிச்சுக் காட்டுங்கடா" என்றார். வாசித்தோம். கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார்.

"எல்லாம் ஆம்பளைங்க."

"அத்தை, மெட்ச் பாத்தவங்க பேரு தானே..."

"டீவி யாரோடதுடா?"

"மாமாவோடது."

"ஒங்க மாமா சம்பளத்துல டீவி வாங்கலாமா? ஒங்க சின்னம்மா குவைத்துல வீட்டு வேலை செஞ்சு அனுப்புன காசு அது. அவ திரும்பி வந்து ரெண்டு வருஷம்கூட இருக்கல. அவ பேரு எங்க? அப்பாயி விடிய விடிய ஒக்காந்து 'எதுடா நம்ம ஆளு'ன்னு கேட்டுக்கிட்டே பாத்துச்சே, அது மெட்ச் பாக்கலியா? அடுத்த காம்பரா அக்கா ராத்திரி ஒரு மணிக்கு இருபது பேருக்குத் தேத்தண்ணி ஊத்திட்டு, காலைல மலைக்குப் போனாளே?"

எங்களால் வாய் திறக்க முடியவில்லை. இத்தனை வருஷம் அதை "மாமா டீவி" என்றே சொல்லி வளர்ந்தோம். அந்தக் காம்பராவில் பெண்களும் இருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். கொப்பியை எடுத்தபோது மட்டும் எப்படி ஞாபகத்துக்கு வரவில்லை?

அத்தை எழுந்து போகும்போது சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: "நிறை கொறஞ்சா அரைப்பேரு போட்டுத்தான் எங்கள அனுப்புவாங்க. செத்த பெறகாவது முழுப்பேரு போடுங்கடா."

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். கொழுந்து நிறை குறைந்த நாளில் கொப்பியில் விழும் அரைப்பேரைப் பார்த்து அம்மாமார் வீட்டுக்கு வந்த முகம் நம் எல்லாருக்கும் தெரியும். கணக்கப்பிள்ளை செய்ததையே நாங்களும் செய்திருந்தோம்.

புதுப் பக்கத்தில் திரும்ப எழுதினோம். பெயர்கள் பத்தொன்பது ஆயின. டீம் கணக்கு உடைந்தது.

முதல் வருஷம் பிரட்டுக்களத்தில் பெயர்களை வாசித்தது பெரியப்பா. கண்ணாடி போட்டும் எழுத்து சரியாகத் தெரியாமல், நிறுத்தி நிறுத்தி வாசித்தார். மாமா பெயர் வந்தபோது, "எதிர்க்கட்சி" என்று சேர்த்துக்கொண்டார், எல்லாரும் சிரித்தோம். சின்னம்மா பெயரை வாசித்தபோது அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு மெட்ச். பத்து நிமிஷத்தில் போல் சரிவில் உருண்டு தேயிலைக்குள் போய்விட்டது, தேடி எடுக்க அரை மணித்தியாலம். கல்கத்தா மாதிரி இரத்ததானம் வைக்க இன்னும் எங்களால் முடியவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கொப்பி அத்தை வீட்டில்தான் இருக்கிறது. பத்தொன்பதுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறோம். யாரையாவது மறந்திருந்தால் வந்து சொல்லுங்கள், முழுப்பேராக எழுதுவோம்.