நண்பனிடம் எவ்வளவு வாங்குவது?



கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து ஒன்றரை மாதமாக போனைத் தொடக்கூடாது என்று மகன் போட்டிருந்த தடை நேற்றுத்தான் நீங்கியது. அதனால் இன்று கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் பயிற்சி முடித்து 1985-ல் வேலையில் சேர்ந்து 2018-ல் ஓய்வு பெறும் வரை எத்தனையோ லாப நட்டக் கணக்கு போட்டுக் கொடுத்திருக்கிறேன். அடக்க விலை என்ன, விற்ற விலை என்ன என்று கரும்பலகையில் எழுதி எழுதிக் கை தேய்ந்தது. ஆனால் போன ஆவணி மாதம் என் மகன் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்ட ஒரு கணக்குக்கு எனக்கு உடனே விடை தெரியவில்லை.

"அம்மா, அவன் காரைக் கொண்டு வாரான். அவன்கிட்ட நான் எவ்வளவு வாங்க?"

மகன் கோவில்பட்டியில் பைபாஸ் பக்கம் கார் டீடெய்லிங் கடை வைத்திருக்கிறான். சொந்தக்காரர்களில் பாதிப்பேர் இன்னமும் "கார் கழுவுற கடைதானே?" என்றுதான் கேட்கிறீர்கள். கழுவுவது அதில் முதல் அரை மணி நேரம்தான். மீதி வேலையைச் சொன்னால்தான் இந்தக் கணக்கு புரியும்.

நம் ஊர்ப் புழுதி தெரியும்தானே? காரின் மேல் அது படிந்திருக்கும்போது காய்ந்த துணியால் துடைத்தால் துணி உப்புத்தாளாகிவிடுகிறது. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். கறுப்புக் காரில் இன்னும் மோசம். போதாததற்கு போர் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் உப்புக் கறை வெள்ளை வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் எடுக்க முதலில் ஷாம்பு போட்டுக் கழுவி, களிமண் மாதிரி ஒரு கட்டியை வழவழப்புத் தண்ணீர் தெளித்துத் தேய்த்து, ஒட்டிக்கொண்ட அழுக்கை எடுக்க வேண்டும். ரப்பர், பிளாஸ்டிக் ஓரங்களுக்கெல்லாம் டேப் ஒட்ட வேண்டும். பிறகு மெஷினில் பஞ்சு மாட்டி காம்பவுண்ட் போட்டு ஒரு தடவை, மெல்லிய பாலிஷ் போட்டு இன்னொரு தடவை, கடைசியில் வேக்ஸ். பெயிண்டுக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது. அது நம் தலைமுடியின் கனத்தைவிட மெல்லிசு. காம்பவுண்ட் போடும்போது கீறலோடு சேர்ந்து அந்தப் பூச்சிலும் கொஞ்சம் தேய்ந்துதான் போகும். போனது திரும்பி வளராது. அதனால் என் மகன் வேலையைத் தொடங்கும் முன் ஒரு மீட்டரை வைத்து, ஒவ்வொரு பக்கமும் எத்தனை மைக்ரான் இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்வான். ஒரு சின்னக் காருக்கு முழுசாக இரண்டு நாள் ஆகும், அதுவும் ஒரு பையனைத் துணைக்கு வைத்துக்கொண்டு. இதற்கு அவன் வழக்கமாக வாங்குவது 6,500 ரூபாய்.

இப்போது வருகிறவன் யார் தெரியுமா? என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். மகனும் அவனும் ஒரே பெஞ்சு. எங்கள் வீட்டில் தட்டு எடுத்துப் போட்டு உரிமையாகச் சாப்பிடுகிறவன். பெயரைச் சொல்லவில்லை, அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவன் ஒரு பழைய கறுப்புக் கார் வாங்கியிருந்தான். பத்து நாளில் தங்கச்சி கல்யாணம். "மாப்ள, வண்டி புதுசு மாதிரி ஆகணும். என்ன ஆகும்னு சொல்லு" என்று போனில் கேட்டிருக்கிறான்.

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"அதெல்லாம் பாத்துக்கலாம் மாப்ளன்னு சொல்லிட்டேன்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. "பாத்துக்கலாம்" என்ற அந்த ஒரு சொல்லை இந்த வீட்டில் இருபத்தைந்து வருஷம் கேட்டவள் நான்.

என் வீட்டுக்காரரை உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். லாரி, டெம்போவுக்கு டிங்கரிங், பெயிண்டிங் செய்யும் பட்டறை வைத்திருந்தார். கைவேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் காசு கேட்க வாய் வராது. தெரிந்தவர் வந்தால் "இருக்கட்டும், பாத்துக்கலாம்". என் சம்பளம் வந்துகொண்டிருந்ததால் வீடு நடந்தது. நானும் பெரிதாகத் தடுக்கவில்லை.

அவருக்கு உயிர் நண்பர் ஒருவர் இருந்தார். தினமும் சாயங்காலம் பட்டறை வாசலில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் டீ குடிப்பார்கள். அவருடைய டெம்போவை எஃப்.சி. காட்ட அப்போது வருஷாவருஷம் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது. முதல் வருஷம் இவர் சும்மா அடித்துக் கொடுத்தார். இரண்டாம் வருஷமும் பெயிண்ட் காசுகூட வாங்கவில்லை. மூன்றாம் வருஷம் அந்த டெம்போ அடுத்த தெருப் பட்டறையில் பெயிண்ட் அடித்து எங்கள் வாசல் வழியாகவே போனது. இவர் கையில் ஸ்பிரே கன்னோடு நின்று பார்த்தார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு ஏழு வருஷம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. "நன்றி கெட்ட மனுஷன்" என்று நானும் ஏழு வருஷமும் ஒத்து ஊதினேன்.

2011-ல் இவர் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் அந்த நண்பர் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"டீச்சர், ரெண்டு தடவை ஓசியில செஞ்சு வாங்கிட்டேன். மூணாவது தடவை அவன் வாசல்ல வந்து நிக்க எனக்குக் கூசிச்சு. காசு குடுத்தா வாங்க மாட்டான். அதான் காசு வாங்குற இடத்துக்குப் போனேன். இத அவன்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன்."

இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த வாரம் எனக்கு, கணவரை இழந்த துக்கத்தோடு இந்தத் துக்கமும் சேர்ந்துகொண்டது.

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. சாயங்காலம் நம் வீட்டு முற்றத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். காசு வாங்கியதில்லை. ஒரு பையனின் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர், ஒருநாள் பை நிறைய முருங்கைக்காய் கொண்டு வந்தார். "ஐயோ, இதெல்லாம் எதுக்கு?" என்று பெருந்தன்மையாகத் திருப்பி அனுப்பினேன். மறுநாளிலிருந்து பையன் வரவில்லை. காரணம் எனக்கு அன்று விளங்கவே இல்லை. பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது: நான் திருப்பி அனுப்பியது முருங்கைக்காயை அல்ல, அவர் தலைநிமிர்வை.

சரி, மகன் கதைக்கு வருகிறேன். இதையெல்லாம் அவனிடம் சொல்லிவிட்டு, "பழைய கணக்கு நோட்டை எடு" என்றேன். அடக்க விலையை முதலில் எழுதச் சொன்னேன்.

ஷாம்பு, காம்பவுண்ட், பாலிஷ், வேக்ஸ், பஞ்சு, துணி, டேப்: 1,100. துணைக்கு நிற்கும் பையனுக்கு நாளைக்கு 700 வீதம் 1,400. கடை வாடகை மாதம் 9,000. வேலை நாள் 25. இரண்டு நாளைக்கு 720. கரண்ட் 80. மெஷின் தேய்மானம் 200. கூட்டினால் 3,500.

"இப்ப சொல்லு. சும்மா செஞ்சா என்ன அர்த்தம்?"

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தான். "கையில இருந்து 3,500 போகும். ரெண்டு நாள் உழைப்பும் போகும். அதுவும் முகூர்த்த மாசம். வேற ஒரு வண்டி வந்தா வேண்டாம்னு சொல்லணும்."

"அந்தப் பையனுக்குச் சம்பளம் இல்லைன்னு சொல்லுவியா?"

"அதெப்படிம்மா?"

"அப்ப 6,500-ல 3,500 உன் காசே இல்ல. அடுத்தவன் காசைத் தள்ளுபடி பண்ண உனக்கு உரிமை கிடையாது. உன்னுடையது மீதி 3,000. அதுதான் உன் உழைப்பு. அதை வாங்குறதும் விடுறதும் உன் இஷ்டம்."

"அப்ப 3,500 வாங்கிக்கிறேன்" என்றான். அப்புறம் அவனே தலையை ஆட்டினான். "இல்லம்மா. 3,500-ன்னு சொன்னா அதுதான் ரேட்டுன்னு அவன் நெனச்சிருவான். கல்யாண வீட்டுல நாலு பேர்கிட்ட சொல்லுவான். நாலு பேரும் 3,500-க்கு வருவாங்க. நான் விட்டுக் குடுத்தது அவனுக்கே தெரியாது."

பிள்ளை கணக்கில் கெட்டிதான் என்று மனசுக்குள் சந்தோஷம்.

விடை அந்தக் கல்யாணத்திலேயே இருந்தது. நம் ஊரில் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் கொடுப்பது தானம் இல்லையே. மொய் நோட்டில் பெயரோடு எழுதுகிறார்கள். நம் வீட்டில் விசேஷம் வரும்போது திரும்பி வரும். கொடுத்தவருக்கும் கௌரவம், வாங்கியவருக்கும் கௌரவம். யாரும் கூச வேண்டியதில்லை.

"உன் உழைப்பை மொய்யா எழுது" என்றேன்.

பில் இப்படித் தயாரானது. மொத்தம் 6,500. கழிக்க, தங்கச்சி கல்யாண மொய் 3,001. மீதி 3,499. மொய் என்றால் ஒரு ரூபாய் கூட வைக்காமல் எப்படி?

இதில் இன்னொரு கண்டிப்பும் சொன்னேன். இந்தச் சீட்டு வேலை முடிந்த பிறகு அல்ல, தொடங்கும் முன்னால் அவன் கைக்குப் போக வேண்டும். முடிந்த பிறகு நீட்டினால் அது அதட்டிக் கேட்பது மாதிரி.

அன்று சாயங்காலம் அவன் காரோடு வந்தான். சீட்டை வாங்கிப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "என்னடா, எனக்கே பில்லு போடுற?" என்றான். என் மகன் என்னைப் பார்த்தான். எனக்கும் நெஞ்சு படபடத்தது. ஒரு நட்பை நானே கெடுத்துவிட்டேனோ என்று ஒரு நிமிஷம் பயந்தே போனேன். "கீழ வரைக்கும் வாசிடா" என்றேன், பழைய வகுப்பறைக் குரலில்.

வாசித்தான். மொய் என்ற வரியில் நின்றான். பிறகு சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி டீச்சர்" என்றான். அவ்வளவுதான். போனை எடுத்து அங்கேயே 3,499 அனுப்பிவிட்டான்.

மகன் மீட்டர் வைத்து அளந்தபோது டிரைவர் பக்கத்துக் கதவு மட்டும் மற்ற இடத்தைப் போல இரண்டு மடங்கு காட்டியது. யாரோ மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். விற்றவர் சொல்லாத விஷயம். மகன் அதை மறைக்காமல் சொன்னான். நண்பன் செராமிக் கோட்டிங் போடலாமா என்று கேட்டதற்கும், "இப்ப வேண்டாம், உனக்குக் கல்யாணச் செலவு இருக்கு. வேக்ஸ் போதும். மழைக்காலம் முடியட்டும்" என்றான். நட்புக்குச் செய்ய வேண்டிய சலுகை இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். காசில் விட்டுக் கொடுப்பதைவிட, உண்மையைச் சொல்வதும் தேவையில்லாத செலவைத் தடுப்பதும் பெரிது.

இரண்டாம் நாள் சாயங்காலம் கறுப்பு பானெட்டில் என் முகம் தெரிந்தது. கண் ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் அது. எனக்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு மகன் போய்விட்டு வந்து சொன்னான். மொய் எழுதும் இடத்தில் இவன் பெயரைச் சொன்னதும், உட்கார்ந்திருந்த பெரியவர் நோட்டைத் திருப்பிக் காட்டினாராம். முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது: என் மகன் பெயர், அப்பா பெயர், கோவில்பட்டி, 3,001. காலையிலேயே நண்பன் எழுத வைத்துவிட்டான். அப்பா பெயரையும் சேர்த்து அவன் எழுத வைத்தது எனக்குக் கண்ணைக் கலங்க வைத்தது. அவர் இருந்திருந்தால் இதைப் பார்த்திருப்பார். டீ குடிக்க ஆள் இல்லாமல் அந்த ஏழு வருஷம் பட்டறை வாசலில் தனியாக உட்கார்ந்திருக்க மாட்டார்.

போன வாரம் அந்தப் பையன் தன் மச்சானின் காரைக் கூட்டிக்கொண்டு வந்தான். வாசலிலேயே "6,500 மாமா, பேரம் பேசாதீங்க" என்று அவனே சொன்னானாம்.

பிள்ளைகளே, உங்களில் தையல் கடை வைத்திருப்பவர்கள், போட்டோ எடுப்பவர்கள், பார்லர் நடத்துபவர்கள், ஏ.சி. மெக்கானிக், எலெக்ட்ரீஷியன் எல்லோரும் இருக்கிறீர்கள். வேண்டியவர்கள் வரும்போது "பாத்துக்கலாம்" என்று சொல்லாதீர்கள். முழு விலையை எழுதுங்கள். விட்டுக் கொடுப்பது எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். தொடங்கும் முன் கொடுங்கள். வாங்கிக்கொள்ளும் இடத்தில் இருப்பவர்கள், நண்பன்தானே என்று விலை கேட்காமல் இருக்காதீர்கள்.

டீச்சர் வீட்டுக்கு மிக்சி ரிப்பேர் பார்த்துவிட்டுக் காசு வேண்டாம் என்று ஓடிப்போன அந்தப் பிள்ளைக்கும் இதுதான். ஒழுங்காக வந்து வாங்கிக்கொண்டு போ. இல்லாவிட்டால் அடுத்த தடவை வேறு கடைக்குத்தான் போவேன். ஏன் என்று இப்போது உனக்குத் தெரியும்.

பின்குறிப்பு: அந்த 3,001 திரும்பி வர வேண்டுமென்றால் எங்கள் வீட்டில் விசேஷம் வர வேண்டும். மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நல்ல இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்