மூடியும் பாட்டிலும்

பௌர்ணமிக்கு மறுநாள் காலை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி முடித்தவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். அவர்கள் குடித்துப் போட்ட தண்ணீர் பாட்டில்கள், திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு பழைய பிளாஸ்டிக் கிடங்கில் மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருந்தன. பாலிமர் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பிரிக்கும் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் போனேன்.

குவியலைச் சுற்றி ஐந்து பெண்கள். மூத்த அக்கா ஒரு மூடியைத் திருகி எடுத்து ஒரு பக்கம் போட்டார். லேபிளைக் கத்தியால் கிழித்து இன்னொரு பக்கம் போட்டார். ஒரு கவர் கைக்கு வந்ததும் காதருகே வைத்துக் கசக்கினார்.

"சலசலன்னா பிபி. சத்தம் கம்மின்னா எல்டி. நகத்தால கீறிப் பாருங்க சார், எல்டியில பதியும், பிபியில வழுக்கும்."

மூலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அரைத்த துண்டுகளை அதில் கொட்டினார்கள். பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் தண்ணீரைவிட 1.38 மடங்கு கனம். அடியில் போய்ப் படிந்தது. மூடித் துண்டுகள் மேலே மிதந்தன.

"இதைத் தண்ணியே பிரிச்சுக் குடுத்துடும். பிபியும் எல்டியும் ரெண்டுமே மிதக்கும். அங்கதான் எங்க கை வேணும்."

"தப்பிக் கலந்துட்டா?"

உடைந்த ஒரு மக்கை எடுத்து நீட்டினார். உடைந்த விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தார். வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரிந்து வந்தது.

ஆய்வகத்தில் நாங்கள் நாள்கணக்கில் தேடியது அந்த உரிதலின் காரணத்தைத்தான். அக்கா சொன்ன எல்டி ஒரு வகைப் பாலிஎத்திலீன், பிபி பாலிபுரொப்பிலீன். இரண்டும் உருகினாலும் ஒன்றில் ஒன்று கரையாது. ஒன்று மற்றதற்குள் நுண்ணிய துளிகளாகப் பிரிந்து நிற்கும். ரசத்தில் கரண்டியை இழுத்தால் மேலே மிதக்கும் நெய்ப்பொட்டு நீளும். கரண்டி நின்றதும் வட்டமாகும். உருகிய கலவைக்குள்ளும் அதுவே நடக்கிறது. ஓட்டத்தில் துளி எப்படி நீண்டு உடைகிறது என்பதை 1934-இல் ஜி. ஐ. டெய்லர் ஆராய்ந்து எழுதினார்.

உருகிய பிளாஸ்டிக்கைச் சோதிக்கத் தொழிற்சாலைகளில் சாதாரணமாக எடுப்பது உருகுபாய்வு எண். பாலிஎத்திலீனை 190 டிகிரியில் உருக்கி, 2.16 கிலோ எடையால் அழுத்தினால், 2 மில்லிமீட்டருக்குச் சற்றே பெரிய துளை வழியே 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்ற கணக்கு அது. அந்த ஒற்றை எண், உள்ளே துளிகள் பிரிந்து கிடப்பதைக் காட்டாது. அதற்கு வேறு கருவி உண்டு. இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவே உருகலை வைத்து, முன்னும் பின்னும் மெல்ல ஆட்ட வேண்டும். மிக மெதுவாக ஆட்டும்போது, நீண்ட துளிகள் வட்டமாகத் திரும்ப முயல்வதால் கலவை தன் இரு பங்காளிகளையும்விட அதிகமாகத் துள்ளும். அந்தத் துள்ளலைத் துளியின் அளவோடும் அதன் எல்லையின் இழுவிசையோடும் இணைக்கும் சூத்திரத்தைப் பாலியேர்ன் என்ற ஆய்வாளர் 1990-இல் தந்தார். குளிர்ந்தபின் அந்த எல்லைகளில்தான் பொருள் உரிகிறது.

கலந்ததை ஒட்டவைக்கும் சேர்மங்கள் இருக்கின்றன. துளிகளைச் சிறிதாக்கி எல்லையைப் பிணைக்கும். அதற்குத் தனிச் செலவு. கலக்காமல் பிரித்துவிட்டால் அந்தச் செலவே வேண்டாம். கருவி உருக்கிய பிறகு கண்டுபிடிப்பதை, இந்த அக்கா உருக்குவதற்கு முன்பே விரல் நுனியில் தடுத்துவிடுகிறார். இவருக்கு மூட்டைக் கணக்கில் கூலி. கையில் உறைகூட இல்லை. இது கைத்தேர்ச்சி வேண்டிய தொழில். அதற்குரிய கூலியும் பாதுகாப்பும் கொடுத்தே ஆகவேண்டும்.

கிளம்பும்போது, வெளியூர்க்காரர்களுக்கு என்ன சொல்லட்டும் என்று கேட்டேன்.

"பாட்டில் வாங்க வேணாம்னு நான் சொல்லல. மிச்ச சாம்பாரை அதுக்குள்ள ஊத்தி மூடாதீங்கன்னு சொல்லுங்க சார். தொறந்தா கையெல்லாம் நாத்தம்."

அடுத்த பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுவாருங்கள். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், பாட்டிலைக் காலியாகப் போடுங்கள். அடுத்து அதைத் திறப்பது ஒருவரின் வெறுங்கை.